பூ வைத்தவர்கள் யார்? அமெரிக்காவின் மூன்று படைவீரர் நாட்களும் நமது ஜனவரி ஒன்றும்



மே மாதக் கடைசி வந்தால் நம் மாணவர் குழுக்களில் ஒரு வாட்ஸ்அப் செய்தி சுற்றத் தொடங்கிவிடுகிறது. அமெரிக்காவின் படைவீரர் நாளைத் தொடங்கியவர்கள் விடுதலை பெற்ற கறுப்பின அடிமைகள்தான் என்பது அதன் சாரம். நவம்பர் 11 வந்ததும் அதே செய்தி மறுபடி வருகிறது, படம் மட்டும் மாறியிருக்கிறது. அனுப்புகிற தோழர்களுக்கு மே மாத நாளும் நவம்பர் நாளும் ஒன்றல்ல என்பது தெரியவில்லை. இவை இரண்டும் தவிர இன்னொரு நாளும் இருக்கிறது. ஆதிக்கம் எழுதிய வரலாற்றைக் கேள்வி கேட்கும் நாமே தேதியைக் குழப்பிக்கொண்டு நின்றால், எதிரே இருப்பவன் அந்த ஒரு பிழையைப் பிடித்துக்கொண்டு மொத்தத்தையும் பொய் என்று தள்ளிவிடுவான். அதனால்தான் இதைச் சற்று விரிவாகவே எழுதுகிறோம்.

எங்கள் படிப்பு வட்டத்தில் ஒரு தங்கை கேட்டார்: வியட்நாமிலும் ஈராக்கிலும் குண்டு போட்ட படையின் நாளை நாம் எதற்குப் பேச வேண்டும்? நியாயமான கேள்விதான். அந்தப் போர்களை நாம் ஆதரிக்கவில்லை. ஆனால் ஒரு நாடு யாருடைய சாவைத் தன் சாவாக எண்ணுகிறது, யாரைச் சீருடை போட அனுமதித்த பிறகும் மனிதராக எண்ணவில்லை என்பதை இந்த நாட்களின் வரலாறு காட்டுவதுபோல வேறு எதுவும் காட்டுவதில்லை.

முதலில் வேறுபாட்டைச் சொல்லிவிடுவோம். மெமோரியல் டே மே மாதத்தின் கடைசித் திங்கட்கிழமை. அது படைப்பணியில் இறந்தவர்களுக்கானது, இறந்தவர்களுக்கு மட்டுமே. வெட்டரன்ஸ் டே நவம்பர் 11. படையில் பணியாற்றி முடித்த எல்லோருக்கும், குறிப்பாக உயிரோடிருப்பவர்களுக்கு, நன்றி சொல்வது. ஆர்ம்டு ஃபோர்சஸ் டே மே மாதத்தின் மூன்றாம் சனிக்கிழமை. இன்று சீருடையில் இருப்பவர்களுக்கானது. அதற்கு விடுமுறைகூடக் கிடையாது, அமெரிக்கர்களிலேயே பலருக்கு அப்படியொரு நாள் இருப்பது தெரியாது. மெமோரியல் டே அன்று ஒரு முன்னாள் படைவீரரிடம் போய் வாழ்த்துச் சொன்னால் அவர் முகம் சுளிப்பார். நம் ஊரில் கல்லறைத் திருநாளன்று கல்லறைத் தோட்டத்து வாசலில் நின்று வருகிறவர்களிடம் 'ஹேப்பி' சொல்வதைப் போன்றது அது. இன்று அந்த நாளில் மெத்தைக் கடைகளும் கார்க் கடைகளும் தள்ளுபடி விற்பனை நடத்துகின்றன என்பது வேறு கதை.

கல்லறைத் திருநாள் என்று சொன்னது உவமைக்காக மட்டுமல்ல. மெமோரியல் டேவின் பழைய பெயர் டெகரேஷன் டே. கல்லறைகளுக்குப் பூ வைத்து அலங்கரிக்கும் நாள். அந்தப் பூவை யார் முதலில் வைத்தார்கள் என்பதில்தான் நம் கதை இருக்கிறது.

தென் கரோலினா மாநிலத்தின் சார்ல்ஸ்டன் நகரம். ஆப்பிரிக்காவிலிருந்து பிடித்துக்கொண்டு வரப்பட்ட மனிதர்கள் பெருமளவில் கப்பலிலிருந்து இறக்கி விற்கப்பட்ட துறைமுகம் அது. 1861 ஏப்ரலில் அமெரிக்க உள்நாட்டுப் போரின் முதல் குண்டு வெடித்ததும் அங்கேதான். அந்த ஊரில் தோட்ட முதலாளிகள் குதிரைப் பந்தயம் பார்ப்பதற்கு ஒரு பெரிய திடல் வைத்திருந்தார்கள். போரின் கடைசிக் காலத்தில், அடிமை முறையைக் காக்கப் போரிட்ட தென்மாநிலக் கூட்டமைப்பு அந்தத் திடலை வடக்குப் படையின் கைதிகளை அடைக்கும் இடமாக்கியது. கூரை கிடையாது. வெயிலிலும் குளிரிலும் நோயிலும் அங்கே குறைந்தது 257 பேர் செத்தார்கள். பார்வையாளர் மேடைக்குப் பின்னால் அவசரமாகக் குழி வெட்டி மொத்தமாகப் போட்டு மூடினார்கள்.

1865 பிப்ரவரியில் நகரம் வீழ்ந்தது. வெள்ளையர்களில் பெரும்பாலோர் ஊரைவிட்டு ஓடிவிட்டார்கள். முதலில் உள்ளே அணிவகுத்து வந்த வடக்குப் படையில் 21ஆம் கறுப்பினக் காலாட்படை இருந்தது. நகரத்தில் எஞ்சியிருந்தவர்கள் பெரும்பாலும் நேற்றுவரை அடிமைகளாக இருந்தவர்கள். அவர்கள் விடுதலை பெற்றவுடன் செய்த முதல் காரியங்களில் ஒன்று, அந்தக் குழியைத் தோண்டியது. சுமார் 28 கறுப்பினத் தொழிலாளர்கள் ஏப்ரல் மாதத்தில் அந்த உடல்களை எடுத்து, ஒவ்வொன்றையும் முறையாக அடக்கம் செய்தார்கள். சுற்றிலும் பத்தடி உயர வேலி அடித்து வெள்ளை பூசினார்கள். நுழைவாயிலில் ஒரு வளைவு வைத்து, பந்தயத் திடலின் தியாகிகள் என்ற பொருளில் அதில் எழுதினார்கள்.

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும் என்று நமக்குத் தோன்றுகிறது. அழுகிய பிணத்தைத் தோண்டி எடுப்பது யார் தலையில் கட்டப்படும் வேலை என்பது நமக்குத் தெரியும். வெட்டியான் வேலையும் பிணம் தூக்கும் வேலையும் எங்கே, யார்மீது, எந்த வசவோடு சுமத்தப்பட்டன என்பதை யாரும் நமக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. சார்ல்ஸ்டனில் அந்த 28 பேரை யாரும் ஏவவில்லை. தங்கள் விடுதலைக்கான போரில் சிறைப்பட்டுச் செத்தவர்கள் நாய்போலப் புதைக்கப்பட்டுக் கிடக்கக் கூடாது என்று அவர்களே முடிவு செய்தார்கள். வேலை அதேதான். ஆனால் அதைச் செய்தவர்கள் அப்போது யாருக்கும் அடிமைகள் அல்ல.

1865 மே 1 அன்று சுமார் 10,000 பேர் அந்தத் திடலில் திரண்டார்கள். பெரும்பாலோர் கறுப்பின மக்கள். முன்னால் நடந்தவர்கள் 3,000 பள்ளிக் குழந்தைகள். ரோஜாப் பூக்களை ஏந்தி, அடிமை முறைக்கு எதிராக ஆயுதம் ஏந்தித் தூக்கிலிடப்பட்ட ஜான் பிரவுனைப் பற்றிய பாடலைப் பாடிக்கொண்டு வந்தார்கள். அடிமைகளுக்கு எழுதப் படிக்கக் கற்றுக்கொடுப்பதே அந்த மாநிலத்தில் சட்டப்படி குற்றமாக இருந்தது. அப்படியிருக்க 3,000 குழந்தைகள் பள்ளிக் குழந்தைகளாக வந்தார்கள் என்பதே ஒரு செய்தி. அவர்களுக்குப் பின்னால் பூக்கூடைகளோடு பெண்கள், பிறகு ஆண்கள், பிறகு கறுப்பினப் படைப்பிரிவுகள். போதகர்கள் விவிலியம் வாசித்தார்கள். உரைகள் முடிந்ததும் மக்கள் புல்வெளியில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். படைவீரர்கள் அணிவகுப்புக் காட்டினார்கள்.

இது இரகசியமாக நடந்த காரியமல்ல. சார்ல்ஸ்டன் நாளேட்டிலும் நியூயார்க் நாளேட்டிலும் செய்தி வந்தது. ஆனாலும் அடுத்த நூறாண்டுக்கு மேல் அது பொது நினைவில் இல்லை. 1990களில் டேவிட் பிளைட் என்ற வரலாற்றாசிரியர் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் முன்னாள் படைவீரர்களின் தாள்களைப் புரட்டிக்கொண்டிருந்தபோது கண்ணில் பட்டது. 2001இல் வெளிவந்த தன் நூலில் எழுதினார். அதற்கு வெகு முன்பே, தென்மாநிலப் படையின் நினைவைப் போற்றும் பெண்கள் சங்கத்துக்குள் இப்படியொரு நிகழ்வு உண்மையா என்று ஒருவர் கடிதம் எழுதிக் கேட்டிருக்கிறார். அதிகாரப்பூர்வத் தகவல் கிடைக்கவில்லை என்று பதில் போயிருக்கிறது. நினைவை அழிக்க எரிக்க வேண்டும் என்பதில்லை, தேடாமல் விட்டாலே போதும்.

இனி வாட்ஸ்அப் செய்திக்கு வருவோம். சார்ல்ஸ்டன் மக்கள் நடத்தியது, நமக்குத் தெரிந்தவரையில் இந்த வகையில் மிக முந்தைய பெருநிகழ்வு. அதுவரை சரி. ஆனால் அதைப் பார்த்துத்தான் நாடு முழுக்க இந்த நாள் வந்தது என்று சொல்லச் சான்றில்லை. 1868இல் வடக்குப் படையின் முன்னாள் வீரர்கள் சங்கத் தலைவர் ஜான் லோகன் ஓர் ஆணை பிறப்பித்து மே 30ஐ டெகரேஷன் டே ஆக்கினார். நாள் நாடெங்கும் பரவியது அந்த ஆணையால். 1866லேயே தென்மாநிலப் பெண்கள் தங்கள் தரப்புக் கல்லறைகளுக்குப் பூ வைக்கத் தொடங்கியிருந்தார்கள். நியூயார்க் மாநிலத்து வாட்டர்லூ என்ற ஊரைப் பிறப்பிடம் என்று 1966இல் அரசு அறிவித்தது. ஆக, 'கண்டுபிடித்தார்கள்' என்று எழுதாதீர்கள். 'முதலில் செய்தவர்களில் அவர்கள் இருந்தார்கள், நாடு அதைத் தன் கணக்கில் சேர்க்கவில்லை' என்று எழுதுங்கள். அதுவே போதுமான குற்றச்சாட்டு.

கணக்கில் சேர்க்காததற்குக் காரணமும் உண்டு. போர் முடிந்து சில பத்தாண்டுகளில் வடக்கு வெள்ளையரும் தெற்கு வெள்ளையரும் சமாதானமாகிவிட்டார்கள். இரண்டு பக்கத்து வீரமும் வீரம்தான் என்று பேசத் தொடங்கினார்கள். எதற்காகப் போர் நடந்தது என்ற கேள்வி அந்தச் சமாதானத்துக்கு இடைஞ்சல். அடிமை முறையும் கறுப்பின மக்களும் அந்த நினைவிலிருந்து மெல்ல வெளியே தள்ளப்பட்டார்கள். அலபாமாவிலும் மிசிசிப்பியிலும் தென்மாநிலக் கூட்டமைப்பின் வீரர்களுக்கென்று தனி நினைவு நாள், அரசு விடுமுறையாக, ஏப்ரலில் இப்போதும் இருக்கிறது.

வடக்குப் படையில் சுமார் 1,80,000 கறுப்பின வீரர்கள் பணியாற்றினார்கள். வெள்ளைச் சிப்பாய்க்கு மாதம் 13 டாலர். கறுப்பினச் சிப்பாய்க்கு 10 டாலர், அதிலும் உடைக்கென்று 3 டாலர் பிடித்தம். சார்ல்ஸ்டன் ஊர்வலத்தில் அணிவகுத்த மாசசூசெட்ஸ் 54ஆம் படைப்பிரிவு, சம ஊதியம் இல்லையென்றால் எதுவுமே வேண்டாம் என்று மாதக்கணக்கில் சம்பளத்தை வாங்க மறுத்தது. மறுத்துக்கொண்டே போரிட்டது. 1864 ஜூனில்தான் நாடாளுமன்றம் சம ஊதியத்துக்கு ஒப்புக்கொண்டது. செத்த பிறகாவது சமமா என்றால் அதுவும் இல்லை. நாட்டின் முதன்மையான படைவீரர் கல்லறையான ஆர்லிங்டனில் 1948 வரை கறுப்பினத்தவருக்குத் தனிப் பகுதி. ஒரே சாமியைக் கும்பிட்டு, ஒரே கல்லறைத் தோட்டத்துக்கு நடுவே சுவர் எழுப்பி தலித் கிறித்தவரை அந்தப்பக்கம் புதைத்த ஊர்கள் தமிழ்நாட்டில் உண்டு. நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

நவம்பர் 11 வேறு போரின் பிள்ளை. 1918இல் அன்று காலை 11 மணிக்கு முதல் உலகப்போரின் துப்பாக்கிகள் ஓய்ந்தன. அடுத்த ஆண்டு ஜனாதிபதி வில்சன் அதை ஆர்மிஸ்டிஸ் டே, அதாவது போர்நிறுத்த நாள் என்று அறிவித்தார். 1938இல் அது சட்டப்படி விடுமுறையானபோது உலக அமைதிக்கு அர்ப்பணிக்கப்பட்ட நாள் என்றே சட்டம் சொன்னது. அந்தச் சொல் இப்போது அந்த நாளில் எங்கே இருக்கிறது என்று தேடிப் பாருங்கள்.

அந்தப் போரில் நியூயார்க் ஹார்லெம் பகுதியிலிருந்து போன 369ஆம் கறுப்பினப் படைப்பிரிவைத் தங்களோடு சேர்த்துக்கொள்ள மனமில்லாமல் அமெரிக்கத் தளபதிகள் பிரெஞ்சுப் படையிடம் ஒப்படைத்தார்கள். 191 நாட்கள் அவர்கள் போர்முனையில் நின்றார்கள். அதில் ஹென்றி ஜான்சன் என்பவர் 1918 மே மாதத்தில் ஓர் இரவு, உடலெங்கும் காயத்தோடு, குண்டு தீர்ந்த பிறகு கத்தியால் போரிட்டு ஜெர்மானியர்களை விரட்டினார். பிரான்ஸ் உடனே பதக்கம் கொடுத்தது. அவர் 1929இல் வறுமையில் இறந்தார். அமெரிக்காவின் உயரிய பதக்கம் அவருக்கு வந்தது 2015இல்.

அதே 369ஆம் பிரிவில் பணியாற்றித் திரும்பியவர் லெராய் ஜான்ஸ்டன். 1919 அக்டோபர் தொடக்கத்தில் ஆர்கன்சா மாநிலத்தின் எலைன் பகுதியில், குத்தகை விவசாயிகள் சங்கம் வைத்தார்கள் என்பதற்காகக் கறுப்பின மக்களை வெள்ளைக் கும்பல்கள் வேட்டையாடின. நம் கீழவெண்மணியை நினைத்துக்கொள்ளுங்கள், கூலிக்காகச் சங்கம் சேர்ந்ததுதான் இங்கும் குற்றம். லெராயும் அவருடைய மூன்று சகோதரர்களும் அந்தச் சங்கத்தோடு தொடர்பே இல்லாதவர்கள். ரயிலிலிருந்து இறக்கிக் கொண்டுபோகப்பட்டு நால்வரும் கொல்லப்பட்டார்கள். சுமார் நாற்பது நாட்கள் கழித்து நாடு தன் முதல் போர்நிறுத்த நாளைக் கொண்டாடியது.

1954இல் ஜனாதிபதி ஐசன்ஹோவர் கையெழுத்தில் ஆர்மிஸ்டிஸ் டே வெட்டரன்ஸ் டே ஆனது. இரண்டாம் உலகப்போரிலும் கொரியாவிலும் போரிட்டவர்களையும் சேர்க்க வேண்டும் என்பது காரணம். முன்னாள் வீரர்களே கேட்ட மாற்றம்தான், குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் போர் நின்ற நாள் போனது, போரிட்டவர் நாள் வந்தது. இடையில் அதைத் திங்கட்கிழமைக்கு மாற்றி நீண்ட வாரயிறுதி ஆக்கிப் பார்த்தார்கள். 1971 முதல் 1977 வரை அக்டோபரில் கொண்டாடினார்கள். மக்கள் ஏற்கவில்லை, மறுபடி நவம்பர் 11க்கே வந்தது. மெமோரியல் டே மட்டும் திங்கட்கிழமையிலேயே தங்கிவிட்டது. செத்தவர்கள் ஆட்சேபிக்க மாட்டார்கள் அல்லவா.

உயிரோடு திரும்பிய கறுப்பின வீரருக்கு அந்த நன்றி எப்படிக் கிடைத்தது? 1946 பிப்ரவரி 12. ஐசக் உட்வர்ட் என்ற சார்ஜென்ட் படையிலிருந்து விடுவிக்கப்பட்டு, சீருடையோடு பேருந்தில் ஊருக்குத் திரும்பிக்கொண்டிருந்தார். மூத்திரம் போகப் பேருந்தை நிறுத்தச் சொன்னதில் ஓட்டுநரோடு வாக்குவாதம். தென் கரோலினாவின் பேட்ஸ்பர்க் என்ற ஊரில் காவலரை அழைத்தார் ஓட்டுநர். அங்கிருந்த காவல் தலைமை அதிகாரி தடியால் அடித்ததில் உட்வர்டின் இரண்டு கண்களும் பார்வை இழந்தன. வழக்கு நடந்தது. முழுக்க வெள்ளையர்கள் கொண்ட நடுவர் குழு அரைமணி நேரத்துக்குள் அந்த அதிகாரியை விடுதலை செய்தது.

படையிலிருந்து திரும்பியவர்களுக்குப் படிப்பும் வீடும் தொழிலும் தருவதாகச் சொன்ன 1944ஆம் ஆண்டுச் சட்டத்தையும் பார்த்துவிடுவோம். சட்டத்தில் நிறம் பற்றி ஒரு சொல் கிடையாது. நடைமுறைப்படுத்தியது உள்ளூர் அலுவலகங்களும் உள்ளூர் வங்கிகளும். மிசிசிப்பியின் 13 நகரங்களில் 1947இல் அரசு உத்தரவாதத்தோடு வழங்கப்பட்ட வீடு, தொழில், பண்ணைக் கடன்கள் 3,229. அதில் கறுப்பின வீரர்களுக்குப் போனது 2. சட்டம் எல்லோருக்கும் பொது என்று நம்மிடம் சொல்கிறவர்களுக்கு இந்த இரண்டு எண்களை எடுத்துக் காட்டலாம்.

உட்வர்டுக்கு நடந்தது ஜனாதிபதி ட்ரூமனை உலுக்கியது என்பது பதிவாகியிருக்கிறது. 1948 ஜூலை 26 அன்று படைகளில் இனப்பிரிவினையை ஒழிக்கும் ஆணையில் அவர் கையெழுத்திட்டார். மூன்றாவது நாளான ஆர்ம்டு ஃபோர்சஸ் டே இதற்குப் பிறகு வந்தது. தரைப்படைக்கும் கடற்படைக்கும் விமானப்படைக்கும் தனித்தனியாக இருந்த நாட்களை ஒன்றாக்கி 1949இல் அறிவித்தார்கள், 1950 மே 20இல் முதல்முறை கொண்டாடினார்கள். படைகள் ஒன்றுபட்டதைக் காட்டும் நாள். ஆணை வந்து இரண்டாண்டு ஆகியும் அன்று அணிவகுத்த படையில் கறுப்பினத் தனிப்பிரிவுகள் இருந்தன. இந்த நாளைப் பற்றி இதற்குமேல் சொல்ல ஒன்றுமில்லை. அது மக்கள் உருவாக்கிய நாளல்ல, பாதுகாப்புத் துறை உருவாக்கியது.

நம் நாட்டிலும் இப்படிப் பல நாட்கள் உண்டு. ஜனவரி 15 தரைப்படை நாள்: 1949இல் கரியப்பா ஆங்கிலேயத் தளபதியிடமிருந்து பொறுப்பேற்ற நாள். அதற்கு முந்தைய நாள், 14, அவர் ஓய்வுபெற்ற தேதி, முன்னாள் படைவீரர் நாளாகியிருக்கிறது. டிசம்பர் 7 கொடிநாள், பள்ளியில் உண்டியல் குலுக்கிக் கொடி குத்திவிட்டது நினைவிருக்கும். ஜூலை 26 கார்கில், டிசம்பர் 16 வங்கதேசப் போர் வெற்றி. எல்லாம் அரசாணையில் பிறந்தவை. அரசாணை இல்லாமல் மக்கள் கால்நடையாகவே உருவாக்கிய நாள் ஒன்றுதான்: ஜனவரி 1, பீமா கோரேகான்.

1818 ஜனவரி 1 அன்று கேப்டன் ஸ்டாண்டனின் தலைமையில் சுமார் 800 பேர் கொண்ட கம்பெனிப் படை, பேஷ்வா இரண்டாம் பாஜிராவின் மிகப்பெரிய படையை நாள் முழுக்கத் தடுத்து நின்றது. பேஷ்வா படை பின்வாங்கியது. கம்பெனி எழுப்பிய நினைவுத் தூணில் இறந்த 49 பேரின் பெயர்கள் இருக்கின்றன. அதில் 22 பெயர்கள் 'நாக்' என்று முடியும் மகர் பெயர்கள். இதிலும் சார்ல்ஸ்டன் விஷயத்தில் சொன்னதையே சொல்கிறோம்: 500 மகர்கள் மட்டும் தனித்துப் போரிட்டார்கள் என்று எழுத வேண்டாம். அந்தக் கல்லில் மற்றவர்கள் பெயரும் இருக்கிறது. கம்பெனி தன் வெற்றிக்காக வைத்த கல்தான் அது, சாதி ஒழிப்புக்காக வைக்கவில்லை. ஆனால் தீண்டத்தகாதவர் என்று ஒதுக்கப்பட்டவர்களின் பெயர்களை மற்றவர்களுக்குச் சமமாக, ஒரே கல்லில் வெட்டியது அது ஒன்று. அந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டுதான் மகர்கள் பேசினார்கள்.

பேச வேண்டியிருந்தது. 1890களில் ஆங்கிலேயர், போர்க்குல இனங்கள் என்ற தங்கள் கற்பனையைப் பிடித்துக்கொண்டு மகர்களைப் படையில் சேர்ப்பதை நிறுத்திவிட்டார்கள். அம்பேத்கரின் தந்தை ராம்ஜி சுபேதாராக இருந்தவர். அம்பேத்கர் பிறந்ததே மாவ் படைமுகாம் ஊரில். ஒரு தலைமுறைக்குக் கல்வியும் சம்பளமும் கொடுத்த கதவு அப்படிச் சாத்தப்பட்டது. ஓய்வுபெற்ற ஹவில்தார் கோபால் பாபா வலங்கர் மனு எழுதினார். 1910இல் சிவ்ராம் ஜான்பா காம்ளே எழுதினார். முதல் உலகப்போரில் ஆள் தேவைப்பட்டபோது 1917இல் மகர் பிரிவை எழுப்பினார்கள். போர் முடிந்து சில ஆண்டுகளில் கலைத்துவிட்டார்கள். அடுத்த போர் வந்தபோது, 1941இல், மகர் ரெஜிமென்ட். ஹார்லெம் வீரர்களும் மகர் வீரர்களும் ஒருவரையொருவர் அறிந்திருக்க வாய்ப்பில்லை, ஆனால் இரண்டு அரசுகளும் ஒரே பாடத்தைப் படித்திருக்கின்றன. சென்னைப் படையில் பறையர் வீரர்கள் பற்றியும் எழுத வேண்டும், அதைத் தனியாக எழுதுவோம்.

1927 ஜனவரி 1 அன்று அம்பேத்கர் அந்தத் தூணுக்கு வந்தார். அதன்பிறகு ஆண்டுதோறும் மக்கள் வருகிறார்கள், இலட்சக்கணக்கில். 2018இல், இருநூறாம் ஆண்டில், வந்தவர்கள் தாக்கப்பட்டார்கள். அதற்குப் பிறகு யார் யார் சிறைக்குப் போனார்கள் என்பதை இந்தப் பக்கத்தைப் படிப்பவர்கள் அறிவீர்கள்.

கோரேகானில் கல் இருந்தது, மக்கள் பிறகு வந்தார்கள். சார்ல்ஸ்டனில் மக்கள் இருந்தார்கள், கல் இல்லை. அந்த 257 உடல்களும் பின்னாளில் எடுக்கப்பட்டு, அதே மாநிலத்தின் பியூஃபோர்ட் ஊரிலுள்ள தேசியப் படைவீரர் கல்லறைக்கு மாற்றப்பட்டன. பந்தயத் திடல் பூங்காவானது. பூங்காவுக்குப் பெயர் ஹாம்ப்டன் பார்க். அடிமை முறைக்காகப் போரிட்டு, பின்னர் அந்த மாநிலத்தின் ஆளுநரான தென்மாநிலத் தளபதி வேட் ஹாம்ப்டனின் பெயர். மே ஒன்றின் ஊர்வலத்தைச் சொல்லும் பலகை அங்கே வர இந்த நூற்றாண்டு ஆனது. விடுதலை பெற்றவர்கள் எழுப்பிய வெள்ளை வேலியும் வளைவும் இன்று இல்லை. தோட்ட முதலாளிகள் கட்டிய பந்தயத் திடலின் கல்தூண்கள் மட்டும் பத்திரமாக இருக்கின்றன. 1903இல் அவற்றைக் கழற்றி நியூயார்க்குக்கு அனுப்பினார்கள். பெல்மான்ட் பார்க் என்ற குதிரைப் பந்தயத் திடலில் இன்றும் நிற்கின்றன.